குழல் பெருத்தால் குறி தப்பாதோ?

கேள்வி – 8.2.2025 – வவுனியாவிலிருந்து ஒரு வாசகர்

எங்கடை வயல் நெடுங்கேணிப் பக்கம். அரிவு வெட்டுக்குக் கிட்ட வந்திட்டுது, பன்றி விடுகுதில்லை. அதைப் பற்றி வீட்டிலை கதைக்கேக்கை சித்தப்பா ஒரு கதை விட்டார். கலிபர் பெரிசெண்டால் குண்டு பாரம், பாரமான குண்டு நேராப் போகும், அதாலைதான் பட்டாளம் பெரிய துவக்கு வச்சிருக்குது எண்டு. ஆனா ஒலிம்பிக்கிலை சுடுற பிள்ளையள் வச்சிருக்கிறது மிளகு அளவுக் குண்டு. அப்ப எது சரி? கலிபருக்கும் குறிக்கும் தொடர்பு இருக்கோ இல்லையோ?

9.2.2025, காலமை

இல்லை. சித்தப்பாவிட்டைச் சொல்லிவிடுங்கோ.

9.2.2025, மத்தியானம்

காலமை எழுதினது வாய்க்கால் பாக்கப் போற அவசரத்திலை. இப்ப ஆறுதலா எழுதுறன்.

கலிபர் எண்டது குழலின்ரை உள் விட்டம். அவ்வளவுதான். குழாய் அரை இஞ்சியோ முக்கால் இஞ்சியோ எண்டு கேக்கிற மாதிரி. முக்கால் இஞ்சிக் குழாயிலை தண்ணி கூட வரும், ஆனா தண்ணி நேராப் பாயுமோ எண்டதை விட்டம் சொல்லாது. துவக்குக்கும் அப்பிடித்தான். .22 எண்டால் ஒரு இஞ்சியின்ரை நூறிலை இருபத்திரண்டு பங்கு, மில்லிமீற்றரிலை 5.6. .303 எண்டால் 7.7.

பட்டாளக் கதைக்குப் பதில்: பட்டாளத் துவக்கு பெருத்துக்கொண்டு வரேல்லை, சிறுத்துக்கொண்டுதான் வந்தது. வெள்ளைக்காரன்ரை 1853ஆம் ஆண்டு என்ஃபீல்ட் .577. 1871இலை மார்ட்டினி ஹென்றி .450. 1888இலை .303. 1950களிலை 7.62. 1980களிலை 5.56. ஒவ்வொரு தரமும் குழல் ஒடுங்கினது, குறி கெடேல்லை. நல்ல வெடிமருந்து வந்தது, நல்ல உருக்கு வந்தது, அதுதான் காரணம். சித்தப்பான்ரை கணக்குப்படி பாத்தால் 1853இலைதான் எல்லாரும் குறிகாரர்.

நான் ஆரெண்டு கேக்க முதலே சொல்லிவிடுறன். சுடுகாரன் இல்லை. நீர்ப்பாசனத்திலை அளவைச் சங்கிலி இழுத்து, பிறகு கோணம் அளக்கிற தியோடலைற்றுக்குக் கண் வச்சு வயது போனவன். ஒட்டுசுட்டான் பக்கம் ரெண்டு ஏக்கர் வயல். சின்னனிலை பெரியப்பாவுக்குத் தோட்டாப் பை காவினவன். அதோடை 2019இலை ஒருக்கா நோர்வே போய், மருமகன்ரை புண்ணியத்திலை மூண்டு விதத் துவக்காலை கடதாசிக்குச் சுட்டவன். என்ரை தகுதி இவ்வளவும்தான்.

இடையிலை இருந்த முப்பது வருசத்துத் துவக்குகளைப் பற்றி இதிலை கதை இல்லை. அதைக் கேக்கிறாக்கள் வேறை இடம் பாருங்கோ.

9.2.2025, இரவு

பெரியப்பான்ரை பன்னிரண்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நித்திரை வராது.

ரெண்டு குழல், பன்னிரண்டு போர் (bore, குழலின்ரை அளவு), லைசென்சோடை இருந்தது. வருசா வருசம் கச்சேரிக்குப் போய்ப் புதுப்பிக்க வேணும். அந்தச் சட்டம் 1916ஆம் ஆண்டுச் சட்டம், பெரியப்பா பிறக்க முதலே வந்தது. அவர் சொல்லுவார், "பன்னிரண்டிலை எஸ்.ஜி. போட்டு நாப்பது கவடிலை அடிச்சால் எல்லாச் சன்னமும் ஒரு சுளகுக்குள்ளை நிக்கும்" எண்டு. எஸ்.ஜி. எண்டது பெரிய ஈயச் சன்னம் போட்ட தோட்டா. ஊரே நம்பினது. நானும் நம்பினனான்.

இதிலை ரெண்டு பிழை. முதலாவது, பன்னிரண்டு எண்டது கலிபரே இல்லை. ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சமமான உருண்டையாப் பிடிச்சால் ஒரு உருண்டை எவ்வளவு தடிப்போ அதுதான் குழலின்ரை தடிப்பு, 18.5 மில்லிமீற்றர். பதினாறு எண்டால் பதினாறு உருண்டை, அப்ப குழல் இன்னும் ஒடுக்கம். எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். சின்னனிலை இது தெரியாமல், பக்கத்து வளவுப் பெடியன்ரை அப்பாவின்ரை பதினாறுதான் பெரிசெண்டு அழுதிருக்கிறன்.

ரெண்டாவது, சன்னம் எவ்வளவு விரியும் எண்டதைக் குழலின்ரை தடிப்பு தீர்மானிக்கிறேல்லை. வாயிலை விட்டிருக்கிற நெருக்கம் தீர்மானிக்கும், சோக் எண்டு சொல்லுறது. முழு நெருக்கம் எண்டால் 40 யாரிலை, 30 இஞ்சி வட்டத்துக்குள்ளை நூற்றுக்கு எழுபது சன்னம் விழவேணும். நெருக்கமே இல்லாத குழலிலை நாப்பதுதான் விழும். ரெண்டும் பன்னிரண்டுதான்.

30 இஞ்சி எண்டால் ரெண்டரை அடி. சுளகு அவ்வளவு பெரிசில்லை, பெரியப்பா.

10.2.2025

சுளகுக் கணக்கை அக்கா வாசிச்சிட்டு ரெலிபோன் எடுத்தவ. பெரியப்பா செத்து முப்பத்தொரு வருசம், இப்ப போய் அந்த மனிசனைப் பொய்யனாக்கிறியோ எண்டு. நான் ஆரையும் பொய்யனாக்கேல்லை. அவர் நல்ல குறிகாரர். அளவிலை கொஞ்சம் தாராளம்.

16.2.2025

வாசகர் திருப்பிக் கேட்டிருக்கிறார்: "கலிபர் இல்லையெண்டால் வேறை எதுதான்?"

ஒரேமாதிரித் தன்மை. இதை எனக்கு முதல் படிப்பிச்சது துவக்கில்லை, கெற்றப்போல். கிளி விரட்ட வயலுக்கை நிக்கேக்கை நாங்கள் கிரவல் கல்லுப் பொறுக்கி அடிப்பம். ஒண்டு இடப்பக்கம் போகும், ஒண்டு தலைக்கு மேலாலை போகும். மாமா ஒருத்தர் குளத்துக் களியை உருட்டி, ஒரே அளவிலை நூறு உருண்டை பிடிச்சு வெயிலிலை காயவிட்டுத் தந்தார். அண்டைக்குத்தான் அடிக்கிற கை பிழையோ கல்லுப் பிழையோ எண்டு தெரிஞ்சது. கல்லுத்தான் பிழை. உருண்டை சின்னனோ பெரிசோ எண்டது அலுவலே இல்லை, நூறும் ஒண்டுபோலை இருந்தால் காணும்.

தோட்டாவும் அதுதான். குண்டின்ரை நிறை, மருந்தின்ரை அளவு, குண்டு கோதுக்குள்ளை குத்தி நிக்கிற ஆழம், எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் ஒரே இடத்துக்குப் போகும். பிறகு குழல். புரி, அதாவது குண்டைச் சுழட்ட உள்ளுக்கு வெட்டின திருகு வரி, சரியோ, வாய் நுனி அடிபடாமல் இருக்கோ. வாயிலை சின்னக் காயம் ஒண்டு இருந்தாலே, குண்டு வெளிக்கிடேக்கை காத்து ஒரு பக்கத்தாலை முந்திக்கொண்டு வந்து குண்டைத் தள்ளிப்போடும். அதுக்குப் பிறகுதான் சுடுறவன்.

.22 இலை விலை கூடின போட்டித் தோட்டாவும் உண்டு, மலிஞ்ச தோட்டாவும் உண்டு. கலிபர் ஒண்டு, துவக்கு ஒண்டு, தோட்டாப் பெட்டியை மாத்தினால் கடதாசியிலை விழுற குவியல் ரெண்டு மடங்காகும். நோர்வேயிலை என்ரை கண்ணாலை கண்டது.

17.2.2025

குவியல் எண்ட சொல்லை விளக்காமல் விட்டிட்டன். ஒரே இடத்துக்குக் குறி வச்சுப் பத்துத் தரம் சுட்டால், பத்து ஓட்டையும் எவ்வளவு நெருக்கமா விழுகுது எண்டது குவியல். அந்தக் குவியல், நாங்கள் குறி வச்ச இடத்திலைதான் விழுந்ததோ எண்டது வேறை கேள்வி. ஐஞ்சு ஓட்டையும் ஒரு ரூபாய்க் குத்திக்குள்ளை, ஆனா குறிக்கு ஒரு அடி இடப்பக்கம் எண்டால் துவக்கு நல்லது, குறி பாக்கிற சைற்தான் பிழை. அதைத் திருத்திவிடலாம். குறியைச் சுத்தி அங்கை ஒண்டு இஞ்சை ஒண்டு எண்டு விழுந்தால் திருத்த ஒண்டுமில்லை.

அளவுத்தடி பிடிச்சு மட்டம் பாத்த ஆக்களுக்கு இது தெரியும். ஒவ்வொரு தரமும் ஒரே பிழையை விடுற கருவி நல்ல கருவி.

2.3.2025

அரிவு வெட்டு முடிஞ்சுது. பன்றிக்கு நான் குடுத்த பங்கு கிட்டத்தட்ட ஒரு மூடை.

துவக்கு எடுத்தனீங்களோ எண்டு ரெண்டு பேர் கேட்டிருக்கினம். என்னட்டை இல்லை. பெரியப்பான்ரை 84இலை போனது. ஆர் கொண்டுபோனது எண்டு அப்பவும் கேக்கேல்லை, இப்பவும் கேக்கிறேல்லை. இப்ப தகரம் தட்டுறன், ரோச் அடிக்கிறன், யானை வந்தால் வெடி கொளுத்துறன். கம்பி கட்டி வச்சுத் தட்டுப்பட்டால் தானா வெடிக்கிற கட்டுத்துவக்கைப் பற்றி ஒருத்தர் கேட்டவர். தம்பி, அது பன்றிக்கும் மனுசனுக்கும் வித்தியாசம் தெரியாத சாமான். எங்கடை ஊரிலை ஒருத்தர் விறகுக்குப் போய்க் கால் இழந்தவர். அந்தக் கதை இஞ்சை வேண்டாம்.

15.3.2025

இண்டைக்குக் காலமை எட்டு மணியிலை இருந்து எட்டு அஞ்சு வரை நாடு முழுக்கக் குரங்கு, மர அணில், மயில் எண்ணினது. நானும் படிவத்தோடை வளவுக்கை நிண்டனான். அஞ்சு நிமிசத்திலை மயில் நாலு. எட்டு ஆறுக்குக் குரங்குப் பட்டாளம் வந்தது. நேரம் முடிஞ்சுது, எழுதேல்லை.

16.3.2025

விசயத்துக்கு வாறன். நோர்வேக் கதை.

மருமகன் ஒஸ்லோவிலை இருந்து ரெண்டு மணித்தியாலம் தள்ளி இருக்கிறான். வேட்டைப் பரீட்சை எழுதி, மூஸ் எண்ட பெரிய மான் வேட்டைக்குக் கூட்டத்தோடை போறவன். பெரும்பாலான இடங்களிலை அந்த வேட்டை புரட்டாதி 25இலை தொடங்கும். அதுக்கு முதல் வருசா வருசம் சுட்டுக் காட்டவேணும். முப்பது வெடி பழகிறது, பிறகு 100 மீற்றரிலை அஞ்சு வெடி, அஞ்சும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள்ளை விழவேணும். ஒண்டு வெளியிலை போனாலும் திருப்பி.

இதிலை எனக்குப் பிடிச்சது: எந்தக் கலிபர் எண்டாலும் வட்டம் அதே 30 சென்ரிமீற்றர்தான். பெரிய துவக்குக்காரனுக்குச் சலுகை இல்லை, சின்னத் துவக்குக்காரனுக்கும் இல்லை.

அங்கை என்னை மேசையிலை இருத்தி, முன்னுக்கு மணல் மூடை வச்சு, முதல் .22 தந்தவன். பிறகு 6.5×55, குழல் 6.5 மில்லிமீற்றர், கோது 55 மில்லிமீற்றர் நீளம். அது 1894இலை சுவீடனும் நோர்வேயும் சேந்து எடுத்த அளவு, இண்டைக்கும் அங்கை வீட்டுக்கு வீடு அதுதான். கடைசியா .30-06. இது அமெரிக்கன்ரை, 1906ஆம் ஆண்டு அளவு.

.22 இலை என்ரை குவியல் 50 மீற்றரிலை தீப்பெட்டிக்குள்ளை. 6.5இலை 100 மீற்றரிலை உள்ளங்கைக்குள்ளை. .30-06இலை சாப்பாட்டுக் கோப்பை.

மருமகன் அதே .30-06ஐ எடுத்துச் சுட்டான். அவன்ரை உள்ளங்கைக்குள்ளை நிண்டது. அப்ப துவக்கு பிழையில்லை.

பிறகு ஒரு விளையாட்டு விட்டான். எனக்குத் தெரியாமல் நடுவிலை ஒரு வெறும் கோது போட்டுத் தந்திருக்கிறான். நான் மூச்சை விட்டு, குறியை வச்சு, விசையை அமத்தினன். டிக் எண்டது. துவக்கு வெடிக்கேல்லை, நான் வெடிச்சிட்டன். கண்ணை மூடி, தோளை முன்னுக்குத் தள்ளி, குழல் வாய் ரெண்டு விரல் கீழை போச்சுது. எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம். தங்கச்சி வீடியோ எடுத்தவ, இண்டைக்கும் கலியாண வீடுகளிலை போட்டுக் காட்டுறா.

உதை வரப்போகுது எண்டு தோளுக்குத் தெரிஞ்சால் கை முந்திவிடும். 6.5ஐவிட .30-06 தோளிலை கிட்டத்தட்ட ஒண்டரை மடங்கு உதைக்கும், துவக்கின்ரை நிறை ஒண்டெண்டால். அதாலை 9.2.2025 காலமை எழுதின "இல்லை" எண்டதைக் கொஞ்சம் திருத்த வேணும். கலிபர் குண்டின்ரை வழியை மாத்திறேல்லை, சுடுறவனை மாத்தும்.

17.3.2025

நேற்று எழுதினதிலை ஒரு கள்ளம் இருக்கு. சொல்லிவிடுறன், இல்லாட்டி மருமகன் வந்து சொல்லுவான்.

.22இலை நான் சுட்ட "தீப்பெட்டி" மூண்டு வெடிக் குவியல். .30-06 பத்து வெடி. தூரமும் வேறை. இதை ஒப்பிடவே கூடாது. ஒரே துவக்கு, ஒரே கை எண்டாலும், பத்து வெடிக் குவியல் மூண்டு வெடிக் குவியலைவிடச் சராசரியிலை ஒண்டரை மடங்குக்கு மேலை விரியும். கணக்கு அப்பிடி. வெடி கூடக் கூட எங்கையாவது ஒண்டு எட்டப் போகும்தானே. மூண்டு வெடிக் கடதாசியைப் பொக்கற்றுக்கை வச்சுக்கொண்டு திரியிற ஆக்களை நம்பாதையுங்கோ. என்ரை பொக்கற்றிலையும் ஒண்டு இருக்கு.

23.3.2025

ஒலிம்பிக் கேள்விக்கு மறுமொழி சொல்லாமல் விட்டிட்டன். மிளகு அளவுக் குண்டு எண்டது சரி. 10 மீற்றர் எயார் ரைபிள் 4.5 மில்லிமீற்றர். நடுவிலை இருக்கிற பத்து எண்ட புள்ளி அரை மில்லிமீற்றர்தான், பேனை முனை வச்ச மாதிரி. 50 மீற்றருக்கு .22, அதிலை பத்து வட்டம் 10.4 மில்லிமீற்றர்.

கலிபர் உதவிற இடம் ஒண்டு இஞ்சைதான் இருக்கு, யோசிச்சுப் பாருங்கோ. கடதாசிச் சட்டம் என்னெண்டால், ஓட்டையின்ரை ஓரம் கோட்டிலை முட்டினால் காணும், கூடின புள்ளி. 4.5 குண்டின்ரை நடு, புள்ளியின்ரை நடுவிலை இருந்து 2.5 மில்லிமீற்றர் தள்ளிப் போனாலும் ஓரம் முட்டும். 5.5 குண்டெண்டால் 3 மில்லிமீற்றர் வரை போகலாம். குறி மாறேல்லை, ஓட்டைதான் பெரிசு, புள்ளி கூடும். எல்லாருக்கும் ஒரே 4.5 எண்டு கட்டி வச்சிருக்கிறாங்கள்.

இன்னும் வடிவான கதை: 25 மீற்றர் சென்ரர் ஃபயர் கைத்துவக்குப் போட்டியிலை 7.62இலை இருந்து 9.65 மில்லிமீற்றர் வரை எதையும் எடுக்கலாம். பெரிய ஓட்டைக்குப் புள்ளி கூட வரும் எண்டால் எல்லாரும் பெரிசைத்தானே எடுக்க வேணும்? இல்லை. கன பேர் சின்னதான .32ஐத்தான் எடுக்கினம். ஓட்டையிலை வாற லாபம் உதையிலை போகுது. சித்தப்பாவுக்கு இதை மட்டும் சொன்னாலே காணும்.

2008இலை பீஜிங்கிலை அபினவ் பிந்த்ரா தங்கம் எடுத்தது இந்த 4.5இலைதான். கடலூரிலை பிறந்த இளவேனில் வாலறிவனும் இதே 4.5தான். 1994இலை கனடாவிலை நடந்த கொமன்வெல்த் போட்டியிலை எங்கடை நாட்டுப் பெண்கள் ரெண்டு பேர் சோடியாத் தங்கம் எடுத்ததும் எயார் ரைபிளிலை. 94இலை வன்னியிலை அந்தச் செய்தி ஆருக்குத் தெரியும், பற்றறி இருந்தவனுக்குத்தான் றேடியோ.

8.6.2025

ரெண்டு மாதம் எழுதேல்லை. சிறுபோகம், தண்ணிச் சண்டை, பல்லுவலி.

இண்டைக்குச் சோழகம் தொடங்கி வடிவா வீசுது. வரம்பிலை இருந்து யோசிச்சுக்கொண்டிருந்தன். 9.2.2025இலை "தொடர்பில்லை" எண்டனான். 16.3.2025இலை "சுடுறவனை மாத்தும்" எண்டனான். காத்தை ரெண்டு தரமும் மறந்திட்டன்.

100 மீற்றரிலை, பக்கக் காத்து செக்கனுக்கு 4 மீற்றர் எண்டு வையுங்கோ, இண்டையான் சோழகத்திலை அது சின்னக் காத்து. .22 குண்டை அது 10 சென்ரிமீற்றர் அளவு தள்ளும். 6.5ஐ 2 சென்ரிமீற்றர் அளவு. விழுறதும் அப்பிடித்தான். 100 மீற்றர் போக .22க்கு மூண்டிலொரு செக்கன் வேணும், அதுக்கிடையிலை அரை மீற்றர் விழும். 6.5 எட்டுச் சென்ரிமீற்றர்தான். புவியீர்ப்பு ரெண்டையும் ஒரேமாதிரித்தான் இழுக்குது. காத்திலை கூட நேரம் நிண்டது கூட விழும்.

அப்ப சித்தப்பா சரியோ? கிட்டத்தட்ட. வெளியிலை, தூரத்துக்கு, காத்துக்கை எண்டால் பாரமான குண்டு நல்லதுதான். பத்து மீற்றர் மண்டபத்துக்குள்ளை அவர் பிழை. இதை எழுத எனக்குக் கை கூசுது.

9.6.2025

இல்லை, பொறுங்கோ. சித்தப்பா இன்னும் பிழைதான்.

இராத்திரி மருமகனோடை கதைச்சனான். அவன் கேட்டான், "மாமா, 6.5 சின்னனோ .308 சின்னனோ?" 6.5தான் சின்னன், .308 எண்டால் மில்லிமீற்றரிலை 7.8. ஆனா வழக்கமான தோட்டாக்களை எடுத்துப் பாத்தால் காத்திலை கூடத் தள்ளுப்படுறது .308தான். ஏனெண்டால் நிறை கிட்டத்தட்ட ஒண்டாயிருக்கேக்கை ஒடுங்கின குண்டு நீளமா இருக்கும். வண்டில் அச்சு மாதிரி நீட்டு. காத்துக்கு முகம் சின்னன், பின்னாலை நிறை கூட. கட்டைக் குண்டு காத்தை முகத்தாலை வாங்கும். அப்ப விசயம் விட்டமும் இல்லை, வெறும் பாரமும் இல்லை. அந்த விட்டத்துக்கு எவ்வளவு பாரம், எந்த வடிவம் எண்டதுதான்.

இன்னொண்டு சொன்னான், நான் நம்பேல்லை, பிறகு கடதாசியிலை கணக்குப் போட்டுப் பாத்து நம்பினன். .22இலை வேகத் தோட்டா, மெதுத் தோட்டா எண்டு ரெண்டு இருக்கு. வேகமானது ஒலியைவிட விரைவாப் போகும், மெதுவானது ஒலிக்குக் கொஞ்சம் கீழை. காத்திலை கூடத் தள்ளுப்படுறது வேகமானது! காரணம், காத்துத் தள்ளுறது குண்டு போற நேரத்தைப் பொறுத்தில்லை, போற வழியிலை எவ்வளவு நேரத்தை இழக்குது எண்டதைப் பொறுத்து. ஒலியின்ரை வேகத்துக்குக் கிட்ட காத்து முழுப் பலத்தோடை மறிக்கும், வேகத் தோட்டா அங்கைதான் நேரத்தைக் கொட்டிவிடுது. அதாலை போட்டிக்காரர் மெதுவானதைத்தான் வாங்கிறது.

அப்ப நேற்று "காத்திலை கூட நேரம் நிண்டது" எண்டு நான் எழுதினது விழுறதுக்குச் சரி, தள்ளுறதுக்குப் பிழை. அழிக்கேல்லை, கிடக்கட்டும்.

10.6.2025

நீட்டுக் குண்டுக்குப் புரி கடுமையா வேணும் எண்டதையும் சேருங்கோ. நீட்டுச் சாமான் சுழண்டால்தான் குப்புற விழாமல் போகும். பழைய 6.5இலை 200 மில்லிமீற்றருக்கு ஒரு சுற்று. செக்கனுக்கு 800 மீற்றர் போற குண்டு அப்ப செக்கனுக்கு 4000 சுற்று சுத்தும். கணக்கு நேரானது, நீங்களே வகுத்துப் பாருங்கோ. குண்டுக்கும் புரிக்கும் பொருத்தமில்லையெண்டால் கலிபர் எதுவா இருந்தாலும் கடதாசியிலை ஓட்டை நீட்டுக் கீறலா விழும், குண்டு பக்கவாட்டாய் வந்து மோதினதுக்கு அடையாளம்.

பெரியப்பான்ரை துவக்கிலை புரியே இல்லை. மழமழ எண்ட குழல். அதைக் கலிபர் விவாதத்திலை நான் கொண்டுவந்ததே பிழை.

22.6.2025

கலிபர் பேரை நம்பி ஒண்டும் வாங்காதையுங்கோ எண்டும் சொல்லவேணும். .303இன்ரை குண்டை அளந்தால் .311. .38 எண்டு பேர் வச்சதின்ரை குண்டு .357. சிலர் புரியின்ரை மேட்டிலை இருந்து மேட்டுக்கு அளக்கிறது, சிலர் பள்ளத்திலை இருந்து பள்ளத்துக்கு. சிலர் விக்கிறதுக்கு வடிவான எண்ணைப் போட்டிருக்கினம். ஒரு போத்தல் பால் எண்டு சொல்லி 750 மில்லி தாற கதை.

6.7.2025

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார், சித்தப்பா எல்லாத்தையும் வாசிச்சிட்டு "ஆள் ஒரு இடத்திலையும் நிக்கேல்லை, நான் சொன்னதுதான் சரி" எண்டவராம்.

அவருக்கு நேர வரியிலை சொல்லுறன். ஒரே தரத்துத் துவக்கு, ஒரே தரத்துத் தோட்டா, காத்தில்லாத இடம் எண்டால் 5.6ஓ 7.62ஓ வித்தியாசம் தெரியாது. நல்ல ரைபிள் எண்டால் ஒரு கலைக்குள்ளை அடிக்கவேணும் எண்டு சொல்லுவினம். தியோடலைற் பாத்த ஆக்களுக்குத் தெரியும், ஒரு பாகைக்கு அறுபது கலை, ஒரு கலை 100 மீற்றரிலை 2.9 சென்ரிமீற்றர். அந்த ஒரு கலைக்குள்ளை அடிக்கிற துவக்கு எல்லாக் கலிபரிலையும் இருக்கு. அடிக்காத துவக்கும் எல்லாக் கலிபரிலையும் இருக்கு.

17.8.2025

நெடுங்கேணிக்கு அக்கா வீட்டை போனனான். போனது கோயில் திருவிழாவுக்கு. வந்தது வேறை விசயத்தோடை.

அக்கான்ரை கோழிக்கூட்டுக் கதவு ஒரு தடிச்ச தகரம். தார்ப் பீப்பாவை வெட்டி விரிச்சது. 2010இலை திரும்பிக் குடியேறேக்கை வளவுக்கை உண்ணிப் பத்தைக்கடியிலை கிடந்ததாம். மற்ற எல்லாம் போயிட்டுது, வீடு, கூரை, கதவு, நிலை. இது மண்ணுக்கை இருந்து தப்பினது. அதிலை ஓட்டை இருந்தது. அக்கா சொன்னா, "உது ஆற்றை ஓட்டையெண்டு ஆருக்குத் தெரியும், இந்த மண்ணிலை ஓட்டையில்லாத தகரம் எங்கை இருக்கு" எண்டு.

நான் குந்தியிருந்து பாத்தன். ஏழு ஓட்டை. எல்லாம் ஒரே அளவு, என்ரை பென்சில் உள்ளை போய்க் கொஞ்சம் ஆடுது. எஸ்.ஜி. சன்னம் 8.4 மில்லிமீற்றர், அவுன்சுக்கு எட்டு. மேல் மூலையிலை ஆணி அடிச்ச ரெண்டு துளை, பெரியப்பா இதை முதிரை மரத்திலை தொங்கவிட்டவர். எனக்கு ஞாபகம் வந்திட்டுது. ஒருநாள் கச்சேரியாலை வந்த புதுத் தோட்டாவைப் பரீட்சை பாக்கிறன் எண்டு, தகரத்திலை சுண்ணாம்பாலை ஒரு வட்டம் கீறி, கவடு எண்ணி நாப்பது நடந்தவர். நான் காதைப் பொத்திக்கொண்டு நிண்டனான். அந்தச் சத்தத்துக்குத் தோட்டத்து நாய் ரெண்டு நாள் வீட்டை வரேல்லை.

அளவு நாடா பைக்குள்ளை இருந்தது, பழைய தொழில் விடாது. ஆக எட்டக் கிடக்கிற ரெண்டு ஓட்டைக்கும் இடையிலை மூண்டு அடி ரெண்டு இஞ்சி. தகரத்துக்கு வெளியாலை போன சன்னம் எத்தினையோ, அது கணக்கிலை இல்லை.

அக்கா பின்னாலை வந்து நிண்டா. சுளகு எண்டு சொன்னவரெல்லே, எவ்வளவு எண்டு கேட்டா. சொன்னன். கொஞ்ச நேரம் பேசாமல் நிண்டுபோட்டு, "குறியிலை பட்டதோ?" எண்டு கேட்டா.

அதுதான் தெரியேல்லை. சுண்ணாம்பு மழையிலை போயிட்டுது. குவியல் எவ்வளவு எண்டு இஞ்சிக் கணக்கிலை சொல்லலாம், வட்டம் எங்கை இருந்தது எண்டு ஒருத்தராலையும் சொல்லேலாது. நான் தகரத்தைத் தடவிப் பாத்தன், வெயிலுக்குச் சரிச்சுப் பாத்தன், கீறின தடம் ஏதும் இருக்கோ எண்டு. கறள்தான்.

"பட்டிருக்கும்" எண்டன்.

"அளந்து முடிஞ்சதெண்டால் கதவைச் சாத்து, கீரி வரும்" எண்டிட்டு அவ குசினிக்குப் போட்டா.